பொடக்காளியில் மரத்தாலேயே சாமான் கொட்டகை: கட்டினால் நிற்குமா?

05.02.2023
பெருந்துறைப் பக்கத்து வாசகர் ஒருவர் கேட்டது: "வீட்டுக்குப் பின்னால் பொடக்காளியில் 10 அடிக்கு 8 அடி இடம் சும்மா கிடக்கிறது. மம்பட்டி, கடப்பாரை, சொட்டுநீர்க் குழாய், உர மூட்டை, பழைய கட்டில் எல்லாம் வெயிலிலும் மழையிலும் கிடந்து வீணாகின்றன. மரத்தில் ஒரு கொட்டகையை நானே கட்டலாம் என்று ஆசை. கேட்டவர்கள் எல்லாரும் 'நம்மூருக்கு மரம் ஆகாது, மூணு வருசத்துல செல்லு (கறையான்) தின்னுபோடும், நாலு இரும்புக் குழாயை நட்டுத் தகரத்தைப் போடு' என்கிறார்கள். மரத்தில் கட்டி, அது நின்று, யாராவது பார்த்திருக்கிறீர்களா?"

05.02.2023, இரவு
பார்த்திருக்கிறேன். எங்கள் அப்பாரு (தாத்தா) தோட்டத்தில் கட்டிய சாளை (தோட்டத்து வீடு) 60 வருடத்துக்கு மேல் நின்றது. உடுமலைக்குக் கிழக்கே, காற்று நேராக வந்து மோதுகிற மேட்டு நிலம். போன மாதம்தான் இடித்தார்கள். செல்லு தின்று விழவில்லை. அண்ணன் அந்த இடத்தில் கான்கிரீட் வீடு கட்டுகிறார், அதற்காக இடித்தார். இடித்த மரத்தை விறகுக்குப் போடப் போகிறார்கள் என்று தெரிந்ததும் நான் கேட்டு வாங்கி வந்துவிட்டேன். இப்போது எங்கள் பொடக்காளியில் அடுக்கி வைத்திருக்கிறேன். நானும் அதே 10க்கு 8 கொட்டகைதான் கட்டப் போகிறேன். செய்யச் செய்ய இங்கே எழுதுகிறேன்.

12.02.2023
இந்த ஒரு வாரமும் ஆணி பிடுங்கியே போயிற்று. சதுர ஆணிகள், பட்டறையில் அடித்தவை. தலையைச் சுற்றி உளியால் கொஞ்சம் தோண்டிவிட்டுக் கடப்பாரையால் நெம்பினால் 'கிறீச்' என்று முனகிக்கொண்டு வரும். அவசரப்பட்டால் தலை மட்டும் முறிந்து கையோடு வரும், உடல் மரத்துக்குள்ளேயே நின்றுவிடும். அந்த இடத்தில் பிறகு வாள் போட்டால் வாளின் பல் போய்விடும். பிடுங்க முடியாத இடத்தையெல்லாம் சாக்பீஸால் வட்டம் போட்டு வைத்திருக்கிறேன்.

கைமரங்களை (கூரையைத் தாங்கும் சாய்வுச் சட்டங்கள்) கழுவியபோது ஒன்று கண்ணில் பட்டது. ஒவ்வொன்றின் அடிநுனியிலும் உளி வெட்டுகள். ஒன்றில் ஒரு வெட்டு, அடுத்ததில் இரண்டு, பிறகு மூன்று. ஒன்பது வரை போகிறது. விட்டத்தில் கைமரம் உட்காரும் குழிகளைப் பார்த்தால் அங்கேயும் அதே வெட்டுகள். தரையில் வைத்து ஒவ்வொன்றையும் அதனதன் குழிக்கு இழைத்துப் பொருத்தி, அடையாளம் போட்டுக் கழற்றி, மேலே ஏற்றி மறுபடி பூட்டியிருக்கிறார்கள். மூன்றாம் நம்பர் கைமரத்தை மூன்றாம் குழியில் வைத்துப் பார்த்தேன். இத்தனை வருடம் கழித்தும் நகம் நுழைய இடமில்லை. அந்த ஆசாரியின் பெயர் எங்கள் வீட்டில் யாருக்கும் நினைவில்லை. எனக்கு அது மிகவும் வருத்தமாக இருந்தது.

புது மரமா பழைய மரமா என்று கேட்டிருந்தீர்கள். பழைய மரம். வீடு இடித்த சாமான் விற்கும் கடைகள் பொள்ளாச்சி, திருப்பூர், ஈரோடு எல்லா ஊரிலும் இருக்கின்றன. பச்சை மரம் காய்கிறபோது சுருங்கும், முறுக்கும், வெடிக்கும். ஓர் அங்குலக் கனத்துக்கு ஒரு வருடம் நிழலில் காய வேண்டும் என்பார்கள். நாலு அங்குலக் காலுக்கு நாலு வருடம் யார் காத்திருப்பது? ஓட்டுக்கூரைக்கு அடியில் அறுபது கோடை காய்ந்த மரம் இனி முறுக்காது. தைல மரம் மலிவு என்று யாராவது சொன்னால் யோசித்துக்கொள்ளுங்கள். அறுத்த பலகை ஒரே கோடையில் வில்லாக வளைவதை எங்கள் பக்கத்துத் தோட்டத்தில் பார்த்தேன்.

13.02.2023
பனங்கை (பனையில் அறுத்த கைமரம்) பற்றி ஒருவர் கேட்டார். முற்றிய பனையின் வெளிப்பாகம் இரும்புதான். கறுப்பு நார் நாராக இருக்கும், சிராய் கையில் ஏறினால் இரண்டு நாள் கடுக்கும். கையுறை இல்லாமல் தொட வேண்டாம். ஆனால் பனையைப் புதிதாக வெட்ட நினைக்காதீர்கள். 2021 வேளாண் நிதிநிலை அறிக்கையிலேயே பனையை வெட்ட மாவட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும் என்று அறிவித்துவிட்டார்கள். பழைய வீட்டுப் பனங்கை கிடைத்தால் மட்டும் வாங்குங்கள்.

19.02.2023
கன அடிக் கணக்கு. மரக்கடையில் இது தெரியாமல் போய் நின்றால் அவர்கள் சொன்னதுதான் கணக்கு. அகலம் அங்குலத்தில், கனம் அங்குலத்தில், நீளம் அடியில் எடுத்து மூன்றையும் பெருக்கி 144-ஆல் வகுக்க வேண்டும். அடிச்சட்டம் (கால்களுக்கு அடியில் படுக்கிற சட்டம்) 5க்கு 4, 10 அடி நீளம்: 200-ஐ 144-ஆல் வகுத்தால் 1.39 கன அடி. கால் 4க்கு 4, 7 அடி: 0.58. ஆறு கால், ஆக மூன்றரை கன அடி.

20.02.2023
மேலே கால் கணக்கைத் தப்பாகப் போட்டுவிட்டேன். 4 × 4 × 7 = 112. 144-ஆல் வகுத்தால் 0.78. ஆறு காலுக்கு 4.67 கன அடி. சத்தியமங்கலத்து நண்பர் சுட்டிக்காட்டினார், நன்றி. ஒரு கன அடிக்கு மேல் வித்தியாசம் என்றால் கடையில் அது பெரிய பணம். எழுதும்போது ஒரு தடவை, வாங்கும்போது ஒரு தடவை கணக்குப் போட்டுப் பாருங்கள்.

04.03.2023
இன்றைக்குக் கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன். கொட்டகை நிற்பதும் விழுவதும் இந்த இடத்தில்தான்.

செல்லு மரத்தைத் தேடிப் பறந்து வருவதில்லை, மண்ணிலிருந்து ஏறி வருகிறது. புற்றீசலாகப் பறப்பது வேறு கதை. நம் கொட்டகைகளைத் தின்பது மண்ணுக்குள் குடியிருக்கிற கூட்டம். அதற்கு ஈரம் வேண்டும், இருட்டு வேண்டும். வெளிச்சத்தில் நடக்காது. அதனால்தான் சுவரில், காலில் மண்ணால் குழாய் கட்டிக்கொண்டே ஏறுகிறது. காலை மண்ணில் நட்டால் அதற்கு வழியும் வேலையும் மிச்சம். உள்ளேயே புகுந்து வெளித்தோலை மட்டும் விட்டுவைத்துத் தின்றுவிடும். வெளியே பார்த்தால் கால் நன்றாக இருக்கும். கையால் தட்டினால் காலி டப்பா மாதிரிச் சத்தம் வரும்.

தார் பூசிக் காலை நடலாம் என்று நான் முதலில் நினைத்திருந்தேன். எங்கள் ஊரில் ஒரு பெரிய ஆசாரி இருக்கிறார், எண்பதை நெருங்குகிற வயது. வந்து பார்த்துவிட்டு, "அம்மிணி, மரத்துக்கு மண்ணு ஆகாதுங்க. தார் வெடிக்கிற அன்னிக்கு செல்லு உள்ள போயிரும். கல்லு மேல நிறுத்துங்க" என்றார். பிறகு நேராக வேலியோரம் போய், உடைந்து கிடந்த கல்லுக்கால்களைக் காலால் தட்டிக் காட்டினார்.

அப்புறம்தான் எனக்கு அப்பாருவின் சாளை நினைவுக்கு வந்தது. அங்கேயும் மரம் எங்கும் மண்ணைத் தொடவில்லை. முழங்கால் உயரக் கல்லுக்கு மேல்தான் தொடங்கியது. சின்ன வயதில் அந்தக் கல்லில் உட்கார்ந்துதான் நுங்கு தின்போம். அது எதற்காக இருக்கிறது என்று ஒருநாளும் யோசித்ததில்லை.

நம் சீமையில் கல்லுக்கால் இல்லாத தோட்டம் உண்டா? பந்தலுக்கு, வேலிக்கு, மாட்டுக் கொட்டகைக்கு எல்லாம் அதுதான். உடைந்த துண்டுகளைச் சும்மாவே கொடுப்பார்கள். மூன்றடித் துண்டு ஆறு எடுத்தேன். ஒன்றரை அடி மண்ணுக்குள், ஒன்றரை அடி வெளியே. குழியில் சரளை போட்டு இடித்துக் கல்லை நிறுத்தி, சுற்றிலும் ஜல்லிக் கலவை ஊற்றினேன். ஆறு தலையும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். ரசமட்டம் கல்லுக்குக் கல் எட்டவில்லை. டியூப் மட்டம் பிடித்தோம். தண்ணீர் நிரப்பிய நீளமான பிளாஸ்டிக் குழாய், ஒரு நுனியை அத்தை பிடித்தார்கள், மறு நுனி என் கையில். இரண்டு நுனியிலும் தண்ணீர் ஒரே மட்டத்தில்தான் நிற்கும், அதைவிட நம்பிக்கையான கருவி கிடையாது.

மூலை சதுரமா என்று பார்க்க ஒரு பக்கம் 6 அடி, மறு பக்கம் 8 அடி குறித்து, குறுக்கே 10 அடி வருகிறதா பாருங்கள். வந்தால் சதுரம். அப்புறம் மூலைக்கு மூலை இரண்டு குறுக்களவும் ஒன்றாக இருக்க வேண்டும். எனக்கு முதல் தடவை இரண்டு அங்குலம் இடித்தது. சிமெண்ட் ஊற்றுவதற்கு முன்னால் பார்த்ததால் தப்பித்தேன்.

05.03.2023
விட்டுப் போனது ஒன்று. கல் தலைக்கும் அடிச்சட்டத்துக்கும் நடுவில் ஜிங்க் தகடு வையுங்கள். கல்லைவிட இரண்டு அங்குலம் எல்லாப் பக்கமும் நீட்டி, ஓரத்தைக் கீழ்நோக்கி மடித்துவிட வேண்டும். தகடு செல்லைக் கொல்லாது, அதை வெளிச்சத்துக்குக் கொண்டுவரும், அவ்வளவுதான். அது மரத்தைத் தொட வேண்டுமானால் தகட்டின் ஓரத்தைச் சுற்றி வெளியே மண்குழாய் கட்டியாக வேண்டும். நமக்குக் கண்ணில் படும். மாதம் ஒருமுறை குனிந்து பார்த்து, இருந்தால் தட்டிவிட்டால் போதும்.

18.03.2023
மரத்துக்கு என்ன பூசுவது? ஊரில் எல்லாரும் பூசுவது கழிவு ஆயில்தான். டிராக்டர் ஒர்க்‌ஷாப்பில் கேன் கணக்கில் கிடைக்கும். நானும் அடிச்சட்டத்துக்கும் தரைப் பலகைக்கும் இரண்டு கோட் அடித்துவிட்டேன். மரம் நன்றாகக் குடித்தது. காசில்லாத வைத்தியம், தைரியமாகச் செய்யலாம்.

[13.08.2023 சேர்த்தது: இந்தக் குறிப்பைப் பின்பற்ற வேண்டாம். கீழே எழுதியிருக்கிறேன்.]

26.03.2023
சட்டம் நின்றுவிட்டது. ஆறு கால், மேலே சுற்றிலும் விட்டம். கழுந்து (துளைக்குள் நுழையச் செதுக்கிய நுனி) வைத்துத் துளையில் இறக்கி மர ஆப்பு அடித்தோம். கழுந்து எடுக்கும் வேலையைப் பெரியவர் உட்கார்ந்துகொண்டே சொல்லிக் கொடுத்தார், நான் வெட்டினேன். முதல் இரண்டு தளர்வாகப் போயின, மூன்றாவதிலிருந்து கை பிடித்துக்கொண்டது. வேம்பை இழைக்கும்போது ஒரு கசப்பு வாசனை எழும். மூக்கில் ஏறி, தொண்டைக்கு வந்து, சாயங்காலம் காப்பி குடித்தால் காப்பியே கசக்கும். சுருள் சுருளாக விழுந்த இழைப்பைப் பையன் சாக்கில் அள்ளிக் கோழிக்கூண்டில் பரப்பினான்.

மூலைக்கு மூலை சாய்வுச் சட்டம் போடாமல் சுவர்ப்பலகை அடிக்க வேண்டாம். நாலு சட்டத்தைச் சேர்த்து ஆணி அடித்த சதுரத்தைக் கையால் தள்ளினால் சாய்ந்துவிடும். குறுக்கே ஒரு சாய்வுக் கட்டையை அடித்து முக்கோணமாக்கிவிட்டால் ஆள் ஏறி நின்றாலும் அசையாது.

பழைய மரத்தில் நேராக ஆணி அடிக்காதீர்கள், வளைந்துவிடும். ஆணியைவிடக் கொஞ்சம் சின்னதாக டிரில் போட்டுக்கொண்டு அடிக்க வேண்டும். திருகாணிக்குச் சோப்புத் தடவினால் சுலபமாக இறங்கும்.

16.04.2023
கூரை. மூன்று வழி சொல்கிறார்கள்.

சிமெண்ட் அட்டை வேண்டாம். அதில் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) இருக்கிறது. எல்லா வகைக் கல்நாரும் புற்றுநோய் தரும் என்று உலக சுகாதார நிறுவனமே சொல்லிவிட்டது. அறுக்கும்போதும் துளை போடும்போதும் பறக்கிற தூள்தான் நுரையீரலுக்குப் போகிறது. சொந்த வீட்டில் நாமே அறுக்கப் போகிற வேலைக்கு அது எதற்கு?

தகரம் சுலபம், ஒரே நாளில் முடியும். சித்திரையில் உள்ளே போய் ஒரு சாமான் எடுத்துவிட்டு வருவதற்குள் வேர்த்துக் கொட்டும். மழை பெய்தால் பக்கத்தில் இருப்பவர் பேசுவது கேட்காது.

நான் ஓடுதான் போட்டேன். சாளையில் இருந்த சீமை ஓடே போதுமானதாக இருந்தது. திருப்பிப் பார்த்தால் சிலவற்றில் மங்களூர் என்றும், சிலவற்றில் ஃபரோக் (கேரளத்தில் கோழிக்கோட்டுப் பக்கத்து ஊர்) என்றும் எழுத்து. 1865-இல் மங்களூரில் பாசல் மிஷன்காரர்கள் தொடங்கிய ஓட்டுத் தொழிற்சாலையிலிருந்து பரவிய வடிவம் இது. பாலக்காட்டுக் கணவாய் பக்கத்தில் இருப்பதால் நம் ஊர்களுக்குக் கேரளத்து ஓடு வந்து சேர்ந்திருக்கிறது.

17.04.2023
எத்தனை ஓடு என்று கேட்டவருக்கு: கூரை இரண்டு பக்கச் சரிவு. நடுவிலிருந்து சுவர் 4 அடி, அந்த 4 அடிக்கு உயரம் 2 அடி 4 அங்குலம். ஏறத்தாழ 30 டிகிரிச் சரிவு. எறவாரம் (சுவரைத் தாண்டி நீளும் கூரை ஓரம்) நாலு பக்கமும் ஒன்றரை அடி நீட்டினேன். மொத்தக் கூரை 165 சதுர அடி வந்தது. 240 ஓடு எடுத்து வைத்தேன், உடைந்தது போகச் சரியாக இருந்தது. முகட்டு ஓடு தனி. ஓடு ஒன்று இரண்டு கிலோவுக்கு மேல் இருக்கும், ஆக மேலே அரை டன். கைமரத்தைச் சிக்கனம் பண்ண வேண்டாம்.

ரீப்பரை (ஓடு உட்காரும் குறுக்குச் சட்டம்) ஓடுகளை வைத்துப் பார்த்து அடியுங்கள், புத்தக அளவை வைத்து அல்ல. கம்பெனிக்குக் கம்பெனி கொஞ்சம் மாறுகிறது. மங்களூர் ஓடும் ஃபரோக் ஓடும் ஒரே வரிசையில் கலந்தால் பூட்டு சரியாக விழாது. நான் ஒரு பக்கம் முழுக்க ஒன்று, மறு பக்கம் முழுக்க மற்றது என்று பிரித்துவிட்டேன்.

எறவாரத்தைக் குறைக்காதீர்கள். மரச்சுவரின் ஆயுள் அதில் இருக்கிறது.

07.05.2023
சுவருக்குத் தென்னை. பழைய மரம் சட்டத்துக்கும் தரைக்கும் சரியாகப் போய்விட்டது. ஆனைமலையில் மாமா தோப்பில் வாடல் நோய் வந்து மரங்களை வெட்டிச் சாய்த்துக்கொண்டிருந்தார்கள். பிள்ளை மாதிரி வளர்த்த மரங்கள். மாமா தோப்புப் பக்கம் வரவே இல்லை. "எடுத்துக்க கண்ணு, எதுக்காவது ஆகட்டும்" என்று வீட்டிலிருந்தே சொல்லிவிட்டார்.

தென்னையை அறுக்கும்போது வெட்டுமுகத்தைப் பாருங்கள். பட்டையை ஒட்டிக் கரும்புள்ளிகள் நெருக்கமாக, எள்ளைக் கொட்டியது போல இருக்கும். உள்ளே போகப் போக இடைவெளி விட்டு, நடுவில் வெளுத்த சோற்றியில் அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தெரியும். புள்ளி நெருங்கிய இடம்தான் மரம். அங்கே கட்டைவிரல் நகத்தை அழுத்தினால் இறங்காது. நடுவில் அழுத்தினால் பிறை மாதிரிப் பதியும். அடிமரத்தில் வெளிவட்டத்து இரண்டு அங்குலம் மட்டும் பலகைக்கு எடுத்துக்கொள்ளுங்கள். மேல்பாதியும் நடுவும் வேண்டாம். மில்காரருக்கு இதில் விருப்பம் இருக்காது, வாள் சீக்கிரம் மழுங்கும். கூடுதல் கூலி பேசித்தான் அறுத்துக் கொடுத்தார்.

பலகையைக் கீழிருந்து மேலாக, ஒன்றின்மேல் ஒன்று ஓர் அங்குலம் படிய அடித்தேன். ஒவ்வொரு பலகைக்கும் கீழ்விளிம்பில் மட்டும் ஆணி. மேல்விளிம்பை அடுத்த பலகை அமுக்கிக்கொள்ளும். இரண்டு விளிம்பிலும் அடித்தால் சுருங்கும்போது நடுவில் பிளந்துவிடும்.

21.05.2023
கதவு கிழக்கே. ஏன் என்று ஆடியில் எழுதுகிறேன்.

30.07.2023
எங்கள் பக்கம் மேகாத்து (மேற்குக் காற்று) என்றால் விளையாட்டு இல்லை. பாலக்காட்டுக் கணவாய் வழியாக உள்ளே நுழைந்து, ஆனியில் தொடங்கி ஆவணி வரைக்கும் வீசும். உடுமலை, பல்லடம் பக்கம் இவ்வளவு மின்சாரக் காற்றாடி நட்டிருப்பதே அதை நம்பித்தான். ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பதை இங்கே யாரும் பழமொழியாகச் சொல்வதில்லை, செய்தியாகச் சொல்வார்கள்.

போன வாரம் இரண்டு தெரு தள்ளி ஒரு தகரக் கொட்டகை கூரை மொத்தமாகப் பெயர்ந்து பக்கத்து வாழையில் போய் விழுந்தது. யாருக்கும் அடியில்லை. அந்தக் கொட்டகையின் கதவு மேற்குப் பார்த்து இருந்தது. காற்று கூரையை மேலிருந்து பிய்ப்பதாக நினைக்கிறோம். திறந்த வாசல் வழியாக உள்ளே புகுந்து, போக வழி இல்லாமல் கூரையை அடியிலிருந்து தூக்குவதுதான் பெரிய பலம். மேலே ஓடுகிற காற்றும் சேர்ந்து உறிஞ்சும். அதனால்தான் எனக்குக் கதவு கிழக்கே. மேற்குச் சுவரில் சன்னலே இல்லை.

ஓடு கனம் என்பது இங்கே குறை இல்லை. ஆனாலும் எறவாரத்து இரண்டு வரிசையையும் ஓர ஓடுகளையும் அடியில் இருக்கிற துளை வழியாகக் கட்டுக்கம்பி போட்டு ரீப்பரோடு கட்டியிருக்கிறேன். கைமரத்தை விட்டத்தோடு இரும்புப் பட்டையால் பிணைத்தோம். விட்டத்தைக் காலோடும், காலை அடிச்சட்டத்தோடும், அடிச்சட்டத்தைக் கல்லில் பதித்த போல்ட்டோடும் முடுக்கினோம். போல்ட் இறங்கும் இடத்தில் ஜிங்க் தகட்டில் துளை விழும், அதைச் சுற்றித் தார் வைத்து அடைத்துவிடுங்கள். முகட்டிலிருந்து கல் வரைக்கும் பிணைப்பு ஓர் இடத்திலும் அறக்கூடாது. ஓர் இடம் விட்டால் காற்று அந்த இடத்தைக் கண்டுபிடித்துவிடும்.

நேற்று ராத்திரி காற்று உச்சத்தில் இருந்தபோது டார்ச் எடுத்துக்கொண்டு உள்ளே போய் நின்றேன். ஓடு மெல்லக் கடகடத்தது. சட்டம் அசையவில்லை. காலில் கை வைத்தபோது ஒரு சின்ன அதிர்வு தெரிந்தது, அவ்வளவுதான். அந்தக் கால் அப்பாரு சாளையின் முன்வாசல் கால். சின்ன வயதில் அதில்தான் முதுகைச் சாய்த்துக்கொண்டு நிலா பார்ப்போம்.

13.08.2023
கழிவு ஆயில் பற்றி எழுதியதைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். ஐந்து மாதம் ஆகப்போகிறது, இன்னும் வாடை போகவில்லை. அத்தை விதைக்கு வைத்திருந்த சோளம் உள்ளே இருந்த ஒரே மாதத்தில் ஆயில் நாற்றம் பிடித்துவிட்டது. மழையில் அடிச்சட்டத்திலிருந்து கறுப்பாக வடிந்து மண்ணில் இறங்குகிறது. அந்த மண்ணைத்தான் கோழி கிளறுகிறது, பத்தடி தள்ளிக் கிணறு. இன்ஜினில் ஓடித் தேய்ந்த ஆயிலில் உலோகத் தூள் இருக்கும். காசில்லாத வைத்தியம் என்று நான் எழுதியிருக்கக் கூடாது. படித்துவிட்டு யாராவது பூசியிருந்தால் மன்னித்துக்கொள்ளுங்கள்.

ஆயில் பட்ட தரைப் பலகையை எல்லாம் கழற்றி, இரண்டு பக்கமும் இழைத்துத் திருப்பிப் போட்டேன். அடிச்சட்டத்துக்கு முந்திரிக் கொட்டை எண்ணெய். முந்திரித் தோலிலிருந்து எடுப்பது, படகுக்கும் மரத்துக்கும் பழங்காலத்திலிருந்தே பூசுகிறார்கள். தோலில் பட்டால் புண்ணாக்கிவிடும், ரப்பர் கையுறையும் முழுக்கைச் சட்டையும் கட்டாயம். உள்பக்கத்துக்குப் போராக்ஸும் போரிக் அமிலமும் வெந்நீரில் கரைத்துப் பூசினேன். மழை படுகிற இடத்தில் அது கரைந்து போய்விடும், உள்ளே மட்டும்தான் ஆகும்.

12.11.2023
ஐப்பசி மழை. உள்ளே சொட்டுக்கூட ஒழுகவில்லை. ஆனால் வடக்குச் சுவரில் மூன்று தென்னம்பலகை பூசணம் பிடித்து மெத்தென்று ஆகிவிட்டது. நகம் இறங்குகிறது. மில்லில் கடைசி நேரத்தில், பலகை குறைகிறது என்று நடுமரத்திலிருந்து எடுத்த மூன்றும்தான். நானே மேலே எழுதிவிட்டு நானே சேர்த்துக்கொண்டேன். கழற்றிவிட்டு வேறு பலகை போட வேண்டும். கீழ்விளிம்பில் மட்டும் ஆணி என்பதால் கழற்றுவது சிரமமாக இருக்காது.

சோற்றி இல்லாத பலகைகள் நனைந்து காய்ந்து, தேன் நிறமாக அழகாக இருக்கின்றன.

21.01.2024
உரம் வைப்பது பற்றி. யூரியா மூட்டை 45 கிலோ, டிஏபி 50 கிலோ. இருபது மூட்டை அடுக்கினால் ஒரு டன்னுக்குப் பக்கம் வந்துவிடும். என் தரைக்கு அடியில் ஒன்றரை அடிக்கு ஒரு சட்டம் போட்டிருக்கிறேன். அப்படியும் மூட்டையை நடுவில் குவிக்காமல் கல்லுக்கால்களுக்கு நேராக வைப்பேன். யூரியா காற்றில் இருக்கிற ஈரத்தை இழுத்துக் கட்டியாகும், சுவரை ஒட்டி வைக்க வேண்டாம். உரத்தூள் பட்ட இடத்தில் சாதா ஆணி ஒரு வருடத்தில் துருவேறிவிடும். கால்வனைஸ் ஆணி கொஞ்சம் விலை, ஆனால் அதுதான் சரி.

எலி: தரைக்கும் சுவருக்கும் நடுவில் உள்ள சந்துகளில் அரை அங்குல வெல்டுமெஷ் கம்பிவலை அடித்துவிட்டேன். பாம்பு வராதா என்று கரூர்க்காரர் கேட்டார். ஒன்றரை அடி உயரம் இருப்பதால் அடியில் வெளிச்சம் போகிறது, விளக்குமாற்றால் கூட்ட முடிகிறது. கோழிகள் பகலெல்லாம் அங்கேதான் மேய்கின்றன. அங்கே எதையும் போட்டு அடைக்காதீர்கள். விறகு, காலிச் சாக்கு, ஓட்டைக் குடம் எதுவும் கூடாது. காற்று ஓடுகிற அந்த வெற்றிடம்தான் மேலே இருக்கிற மரத்தைக் காப்பாற்றுகிறது.

28.04.2024
ஈரோட்டில் 42 டிகிரியைத் தாண்டிவிட்டது, இங்கேயும் உச்சிவேளையில் வெளியே நிற்க முடியவில்லை. மத்தியானம் இரண்டு மணிக்குக் கொட்டகைக்குள் உட்கார்ந்து மம்பட்டிக்குப் பிடி போட்டுக்கொண்டிருந்தேன். கூடவே பெரியவரும். ஓட்டுச் சந்தில் சூடு மேலே போய்விடுகிறது, தரைச் சந்தில் காற்று வருகிறது. பெரியவர் அந்த உளி வெட்டுகளை விரலால் தடவித் தடவிப் பார்த்தார். "இது எங்கய்யன் வெட்டு மாதிரி இருக்குதுங்க அம்மிணி. மூணாவது வெட்டை இப்படிச் சாச்சுத்தான் போடுவாரு" என்றார். உறுதியாகத் தெரியாது என்றும் அவரே சொன்னார். பிறகு ரொம்ப நேரம் எழுந்து போகவில்லை.

30.06.2024
இரண்டு புதுத் தொல்லை. ஒன்று மயில். விடியற்காலையில் முகட்டில் வந்து தொப்பென்று இறங்குகிறது, முகட்டு ஓடுகள் இரண்டு நகர்ந்துவிட்டன. விரட்டுவதில் பயனில்லை. முகட்டோட்டைச் சுண்ணாம்புக் கலவையில் பதித்துவிட்டேன்.

இன்னொன்று கருவண்டு. எறவாரத்து ரீப்பரில் பென்சில் கனத்துக்கு உருண்டையாக ஒரு துளை, அதற்கு நேர்கீழே தரையில் மாவு போல மரத்தூள். செல்லு என்று பயந்துவிடாதீர்கள், செல்லு இப்படித் துளை போடாது. வண்டு வெளியே போன நேரமாகப் பார்த்து, ஆப்பைச் சீவித் துளைக்குள் அடித்து, மேலே முந்திரி எண்ணெய் தொட்டு வைத்தேன். இதுவரை நாலு துளை.

14.07.2024
முதலில் கேட்ட பெருந்துறை வாசகர் கல் நிறுத்திவிட்டாராம். படம் அனுப்பியிருக்கிறார், வேலை சுத்தமாக இருக்கிறது. கல் வெளியே ஓர் அடிதான் தெரிகிறது, போதுமா என்று கேட்கிறார். செல்லுக்குப் போதும். ஆனால் குனிந்து அடியில் பார்க்கவும் கூட்டவும் முடியுமா என்று பாருங்கள். முடியவில்லை என்றால் கல்மேல் இன்னொரு அரையடிக் கல்லை வைத்துச் சிமெண்டில் பூட்டிவிட்டு, அப்புறம் தகடு வையுங்கள். ஆடி பிறக்கப் போகிறது. கூரையை இப்போது ஏற்ற வேண்டாம், சட்டத்தை மட்டும் நிறுத்தி சாய்வுக் கட்டை அடித்து விட்டுவிடுங்கள். ஓடுகளை ஆவணி கழிந்து போட்டுக்கொள்ளலாம், ஐப்பசி மழைக்குள் முடிந்துவிடும். போல்ட்டை அதற்குள் ஒரு தடவை முடுக்கிப் பாருங்கள், புது வேலையில் மரம் படிந்து நட்டு தளர்ந்திருக்கும். எனக்கு ஆறில் நாலு அரைச்சுற்று வாங்கின.